முயலின் பங்கு

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்குப் பல்வரிசை பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள் என்று நினைக்கிறவர்கள், அவளைப் பார்த்தால் அந்த நினைப்பை விட்டுவிடுவார்கள். முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி, வந்திருப்பது யார் என்று எட்டிப் பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு முயல் என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அவளுக்கு யாரும் செல்லப்பெயர் வைத்ததில்லை.

பெயர் வைத்தவள் எக்ஸ்ரே அக்கா. நோயாளிகளின் தாடையைப் படம் எடுக்கிற அறைக்குப் பொறுப்பு. எதிரில் நிற்பவர் மனதில் இருப்பதும் தனக்குப் படமாகத் தெரியும் என்று நம்புகிறவள். இன்னொருத்தி தராசு. பின்னறையில் மாவு கலந்து பல் அச்சு வார்ப்பவள். மாவுக்கும் தண்ணீருக்கும் இம்மி பிசகினால் அச்சு வெடித்துவிடும் என்பதால் எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் தொடுவாள். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தால்கூட இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவாள்.

வியாழக்கிழமைகளில் டாக்டர் சீக்கிரம் கிளம்பிவிடுவார். மூன்று பேரும் சாலையைக் கடந்து எதிரில் இருக்கிற ஓட்டலில் போய் உட்காருவார்கள். டாக்டரைப் போல நடித்துக் காட்டுவார்கள், வாயைத் திறக்கச் சொன்னால் கண்ணைத் திறந்த நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள், கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். முயலுக்கு வாரத்தில் வாழ்ந்ததாகத் தோன்றுவது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான். மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு நாளைக்கு நடந்து போகிற வழி.

நடந்து போகிற வழி என்பது உண்மையாகவே நடைதான். அவள் சம்பளம் கூட்டுக் கணக்குக்குப் போகும். கூட்டு என்பது பெயரில் மட்டும். வங்கி அட்டை கணவனின் சட்டைப்பையில் இருந்தது. பணம் வந்தாலும் போனாலும் அவன் போன்தான் மணியடிக்கும். திங்கட்கிழமை காலையில் அந்த வாரப் பஸ் செலவுக்கு எண்ணிக் கொடுப்பான். "பத்துமா?" என்று அன்பாகக்கூடக் கேட்பான். பத்தாது என்றால், ஏன் பத்தாது என்பான். அந்த 'ஏன்' முடிவதற்குள் அடுப்பில் வைத்தது கரிந்துவிடும். அதனால் அவள் பத்தும் என்றே சொல்லிப் பழகியிருந்தாள்.

கை நீட்டாத மனுஷன் என்று சொந்தக்காரர்கள் அவனுக்குப் பட்டம் கட்டியிருந்தார்கள். குடி கிடையாது, சத்தம் கிடையாது. வண்டி இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அடிபட்ட கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தக் கீறல் புதுசு, எது பழசு, சொந்தக்காரர் எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தக் கண்ணை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அவனோ செருப்பை மட்டும்தான் கழற்றுவான்.

அவனிடம் அவள் வியாழக்கிழமை சாமான் கணக்கெடுப்பு என்று சொல்லியிருந்தாள். காலையில் பஸ்ஸில் போய்விட்டு, மாலையில் நடந்து திரும்பி, பஸ் லேட் என்பாள். வாரம் முழுக்க அப்படி நடந்தால் வியாழக்கிழமை ஒரு சூப்புக்கும் ஒரு பொரித்த மீனுக்கும் காசு தேறும்.

சிநேகிதிகளிடம் சொன்னது அதைவிடப் பெரிய பொய். "அவரா? காசு பணம் பத்தி வாயே திறக்க மாட்டார்க்கா. எல்லாம் என் இஷ்டம்தான்." தராசு தன் சம்பளத்தில் தனியாக வீடு எடுத்து இருப்பவள். எக்ஸ்ரே அக்கா புருஷனை அதட்டி மாவு பிசையவைப்பவள். அவர்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பஸ் காசு எண்ணிக் கொடுக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? கௌரவம் என்கிற சனியன் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

இதில் தராசுக்கு ஒரே ஒரு மனக்குறை. பில்லுக்கு அவள் ஒரு ஆப் வைத்திருந்தாள். ஒருவர் மொத்தமாகக் கட்டிவிட்டு பில்லைப் படம் எடுத்தால், அது ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியாகப் படித்துவிடும். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று பெயரைத் தொட்டுக் காட்டினால், அவரவர் பங்கைப் பிரித்து அவரவர் போனுக்கு அனுப்பும். எக்ஸ்ரே அக்காவும் தராசும் அதில்தான் தீர்த்துக்கொள்வார்கள். முயல் மட்டும் மடித்த நோட்டுகளை நீட்டுவாள். போன் பழசு, ஆப் ஏறாது என்பாள். கார் வைத்திருக்கிறார்கள், சொந்த வீடு, ஒரு நல்ல போன் வாங்க மனசில்லை பார் என்று எக்ஸ்ரே அக்கா ஒருநாள் தராசின் காதில் முணுமுணுத்தது முயலின் காதிலும் விழுந்தது. அன்றைக்கு மீனைப் பாதியில் ஒதுக்கி வைத்தாள்.

பிறகு, யாரும் கேட்காமலே, கணவன் அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். "நீ எங்க இருக்கேன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி" என்றான். அது யாருக்கு நிம்மதி என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த வாரம் எக்ஸ்ரே அக்காவுக்குப் பிறந்தநாள். ஓட்டலில் மேஜை கொள்ளாமல் பண்டங்கள் வந்தன. கடைசியில் சாக்லேட் கேக் வேறு. முயல் நோட்டுகளை எடுத்தபோது தராசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே ரொக்கமே வேணாம்டி. என் கணக்கு எப்பவும் உன்னாலதான் நொண்டுது. புதுப் போன் வந்துடுச்சுல்ல, குடு இப்படி."

"இல்ல, அது வந்து... அப்புறம் நானே போட்டுக்கறேன்."

"நீ போட்டுக்கற லட்சணம் தெரியாதா? குடு."

போன் கைமாறியது. தராசின் விரல்கள் பல் அச்சு வார்க்கிற விரல்கள், எதையும் தயங்காமல் செய்யும். வங்கிக் கணக்கு எண் என்ன என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். இந்தக் கணக்கில் என்ன நடந்தாலும், ஆப் எதை அனுப்பினாலும், கணக்கோடு சேர்த்திருக்கிற என் புருஷன் போனுக்குத்தான் போகும், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எக்ஸ்ரே அக்கா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை முயல் பார்த்தாள். வீடு, கார் என்று அவள் முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. எண்ணைச் சொல்லிவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை சமாளித்திருப்பாள். தராசுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. பழைய வியாழக்கிழமை பில்களையெல்லாம் தன் போனில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். "நீ குடுத்த காசு ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது பாரு" என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் முயலின் பெயரில் ஏற்றினாள். தேதி, ஓட்டல், சூப், மீன், எலுமிச்சைச் சாறு, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'ரொக்கமாகத் தரப்பட்டது'. கடைசியாக இன்றைய பங்கை அனுப்பினாள்.

"இப்பதான் எல்லாம் நேராச்சு" என்றாள் தராசு. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். நல்லவர்கள் செய்கிற கெடுதலுக்கு யாரைத் திட்டுவது?

அன்று முயல் பஸ்ஸில்தான் போனாள். சீக்கிரம் போனால் மட்டும் எதுவும் மாறிவிடுமா என்ன. வழியெல்லாம் ஒரு கதையைக் கட்டினாள், பிரித்தாள், இன்னொன்றைக் கட்டினாள். போன் தொலைந்துவிட்டது. யாரோ தவறாக எண்ணைப் போட்டுவிட்டார்கள். எக்ஸ்ரே அக்கா கட்டாயப்படுத்தினாள். ஒன்றும் தேறவில்லை.

கணவன் சாப்பாட்டு மேஜையில் இருந்தான். தட்டு காலியாக இருந்தது.

"உன் பங்கைக் கட்டிட்டேன்" என்றான்.

அவள் கைப்பையைக் கழற்றாமல் நின்றாள்.

"உக்காரு. கேக் எப்படி இருந்துச்சு?"

"அக்காவுக்குப் பிறந்தநாள்னு..."

"அது தெரியுது. எல்லாம் இருக்கே இதுல. நல்ல ஆப்." போனை அவள் பக்கம் திருப்பினான். "முயல்னு போட்டிருக்கு. அது நீயா?"

"ஆமா."

"முயல்" என்று அவன் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

அவன் கத்தவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையாக எடுத்து வைத்துக் கேட்டான். இந்தத் தேதியில் சாமான் கணக்கெடுப்பு என்றாயே, எலுமிச்சைச் சாறு சாமானா? இந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது? நடந்து மிச்சம் பிடித்தேன் என்று அவள் சொன்னதும், எந்த வழியாக நடந்தாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்டான். கேள்விகள் முடிந்தபோது பால்காரன் வந்துவிட்டான். அவள் முகம் கழுவிக்கொண்டு அப்படியே வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் அவன், "பார்த்துப் போ, முயல்" என்றான். அதற்குப் பிறகு வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். இருந்த ஒரு செல்லப்பெயரையும் எடுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் தராசு பின்னறையிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"அடியே, உன் வீட்டுக்காரர் நம்ம பில் ஆப் குழுவுல சேரக் கேட்டிருந்தார். சரின்னு போட்டுட்டேன். அடுத்த வியாழக்கிழமை அவரும் வர்றாராம். எவ்ளோ மரியாதையா எழுதியிருக்கார் தெரியுமா?"

முயல் பதில் சொல்வதற்குள் மேஜையில் தொலைபேசி அடித்தது. பல்வலிக்காரர் ஒருவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை வந்தது. அவன் இஸ்திரி போட்ட சட்டையில், எக்ஸ்ரே அக்காவுக்குப் பூங்கொத்தோடு வந்தான். பிறந்தநாளுக்குத் தாமதமான வாழ்த்தாம். அக்கா உருகிப்போனாள். தன் புருஷன் இத்தனை வருஷத்தில் ஒரு இலையைக்கூடப் பறித்துக் கொடுத்ததில்லை என்றாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தான். பல் டாக்டர்களைப் பற்றி ஒரு துணுக்கு சொன்னான். நன்றாகவே சொன்னான். மேஜை சிரித்தது.

"ஒரு வருஷமா எங்கிட்ட சாமான் கணக்கெடுப்புன்னு சொல்லிட்டு இங்க வந்து மீன் சாப்பிட்டிருக்கா பாருங்கக்கா. இந்த முயலை நம்பி ஏமாந்தது நான் ஒருத்தன்தான்."

"ஏண்டி, இப்படிப்பட்ட மனுஷன்கிட்டயா பொய் சொன்னே?" அக்கா முயலின் முதுகில் தட்டினாள். "கொடுத்து வெச்சவடி நீ."

முயலும் சிரித்தாள். பயந்த மனுஷிக்குச் சிரிப்பு எவ்வளவு சுலபமாக வருகிறது. அவளுடைய நாற்காலி, அவளுடைய மேஜை, அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் இருந்தன. எதுவும் அவளுடையதாக இல்லை. டாக்டரைப் போல நடித்துக் காட்டச் சொல்லி தராசு கேட்டபோது, மறந்துபோச்சு என்றாள்.

பரிமாறுபவர் வந்தார். அவனே எல்லாருக்கும் சொன்னான். அக்காவுக்கு இறால், தராசுக்கு நூடுல்ஸ். பிறகு மனைவியைக் காட்டினான். "இவங்களுக்கு சூப் போதும். கனமா சாப்பிட்டா ஒத்துக்காது."

தராசு நிமிர்ந்தாள். "போன வாரம் கேக் வரைக்கும் ஒரு கை பார்த்தாளே. ஒண்ணும் ஆகலையே."

"அதான் அன்னைக்கு விடிய விடிய தூக்கமில்ல" என்று அவன் சிரித்தான். "இன்னொண்ணு சிஸ்டர், இனிமே பங்கெல்லாம் பிரிக்க வேணாம். வாரா வாரம் நான் வந்துடறேன், மொத்தமும் என் கணக்கு."

வாரா வாரம். முயல் தன் கையைப் பார்த்தாள். மேஜைக்கடியில் அது புடவை நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கியிருந்தது. இதையும் விட்டுவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அப்படிச் செஞ்சா கணக்கு சரியா வராது" என்று தராசு பிடிவாதமாகச் சொன்னாள். "அவளுக்கும் சம்பளம் வருதுல்ல? அவ பங்கு அவ பேர்லதான் வரணும்."

"எல்லாம் ஒண்ணுதானே சிஸ்டர். எங்களுக்குள்ள என்ன என் காசு, உன் காசு?"

தராசு குதர்க்கமாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கணக்கு இடித்தது, அவ்வளவுதான். "ஒண்ணுன்னா, அவ என்ன சாப்பிடணும்னு அவளை ஏன் கேக்கல?"

அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர்க் கோப்பையை எடுத்தான். அந்த இடைவெளியில் முயல் வாயைத் திறந்தாள்.

"தராசு, என் போன் பழசு, ஆப் ஏறாதுன்னு சொன்னேன்ல, அதனால ரொக்கம் குடுக்கல. அவருக்குத் தெரியக் கூடாதுன்னு குடுத்தேன். என் சம்பளத்தை நான் கண்ணால பாக்கறதே இல்ல. வாரத்துக்குப் பஸ் காசு எண்ணிக் குடுப்பார். சாயங்காலம் பஸ் ஏறாம நடந்து போவேன். அந்தக் காசுலதான் உங்க கூட சாப்பிட்டேன்."

சொல்லி முடித்ததும் அவன் பக்கம் திரும்பாமல் தராசையே பார்த்தாள்.

"அடடா!" அவன் எக்ஸ்ரே அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "சொல்லியிருந்தா நானே கார்ல வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே. பாத்தீங்களாக்கா, சின்னப் புள்ள மாதிரி."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். முயலுக்கு அந்த நிமிஷம் செத்துவிடலாம் போலிருந்தது. சொல்லியும் ஆயிற்று, ஒரு துணுக்காகவும் ஆயிற்று. ஆனால் அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் மேஜைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறாகச் சுருண்ட புடவை நுனியையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றான் அவன், அதே இதமான குரலில்.

"வீட்டுல நீங்க மட்டும்தான் பேசுவீங்க" என்றாள் முயல். பிறகு தராசின் பக்கம் திரும்பினாள். "நம்ம குழுவிலேர்ந்து இவர் பேரை எடுத்துடு."

தராசு போனைக் கையில் எடுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கியது யார், பழைய பில்லையெல்லாம் ஏற்றியது யார், சரி என்று சேர்த்துக்கொண்டது யார் என்பதெல்லாம் அவளுக்கு இப்போது வரிசையாக உறைத்திருக்க வேண்டும். திரை, உறுதியாகவா என்று ஒருமுறை கேட்டது. அவள் முயலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அழுத்தினாள்.

அவன் முன்னால் கிடந்த போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தான். ஒரு ஆப் தன்னை வெளியே அனுப்பியதை அவன் இரண்டு தடவை படித்தான். முதன்முறையாக முகத்தில் அந்த இதம் இல்லை.

"கிளம்பு" என்றான்.

"நான் இன்னும் சாப்பிடல."

எக்ஸ்ரே அக்கா தன் நாற்காலியை நகர்த்தி முயலை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். "சாப்பிட்டு வருவா தம்பி. நீங்க போங்க" என்றாள். வீட்டில் புருஷனை அதட்டுகிற குரல் அது. அவன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வெளியே போனான்.

பரிமாறுபவர் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, ஒரு பொரிச்ச மீன்" என்றாள் முயல். பிறகு தராசிடம் சொன்னாள்: "நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லி, என் சம்பளத்தை என் பேர்ல மட்டும் இருக்கற கணக்குல போடச் சொல்லப்போறேன். கணக்கு ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் என் பங்கை நீ கட்டு. அடுத்த மாசம் தந்துடறேன்."

தராசுக்குக் கண் கலங்கியிருந்தது. விட்டுடு, நான் பார்த்துக்கறேன் என்று சொல்லப்போகிறாள் என்று முயல் பயந்தாள். தராசு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எழுதிக்கறேன். கண்டிப்பா வாங்கிடுவேன்."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் முயலுக்கு வந்தது.

மீன் வந்தது. முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டே முள்ளைத் தேடினாள். எக்ஸ்ரே அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்து முள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தாள்.

"கார் இன்னும் அங்கேயே நிக்குதுடி."

முயல் திரும்பிப் பார்க்கவில்லை. கார் விளக்குகளின் வெளிச்சம் அவளுக்கு மேஜைமேல் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"எவ்ளோ நேரம் நிப்பார்?" என்று தராசு கேட்டாள்.

"நிப்பார். அவருக்கு அவசரமே கிடையாது."

"அப்ப இன்னைக்கு என் வீட்டுக்கு வந்துடு."

முயல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு துண்டு மீனை வாயில் போட்டு மென்றாள். வெளியே கார் நின்றுகொண்டே இருந்தது.